இரும்புக்கு நடுவே கொஞ்சம் ரப்பர்

காரின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால் கண்ணில் படுவதெல்லாம் இரும்புதான். சுண்டுவிரல் கனத்தில் சுருண்டு நிற்கும் ஸ்பிரிங், அதன் நடுவே எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சர்பர், கீழே லோயர் ஆர்ம், பக்கவாட்டில் டை ராடு. ஆனால் முதலில் தேய்ந்துபோவது பெரும்பாலும் இந்த இரும்பு இல்லை. ஆர்மின் வேரில் செருகியிருக்கும் புஷ், பால் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, ஷாக்கின் தலையில் உட்கார்ந்திருக்கும் மவுண்ட், அதன் தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய் சீல் ஆகியவைதான். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு.

அந்தச் சின்ன உருப்படிகள் தாங்குவது சின்ன சுமையா? 1,000 கிலோ எடையுள்ள காரை அவசரமாக பிரேக் போட்டு நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தணிவு. அதில் எழுபது சதவீதத்தை முன்சக்கரங்கள் ஏற்கின்றன. கணக்குப் போட்டால் ஒரு முன்சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசை ஏறக்குறைய 280 கிலோ. அந்த இழுப்பு காரின் உடலுக்குப் போய்ச் சேர வேண்டிய முக்கிய வழி, லோயர் ஆர்மின் வேரில் உள்ள இரண்டு புஷ்கள். ஏலகிரி மலையில் புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி வரும்போது, ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அந்த ரப்பர் நசுங்குகிறது, முறுகுகிறது, பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. எந்த இரண்டு பரப்பும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று உரசுவதில்லை. உள்ளே ஒரு இரும்புக் குழல், வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். கதவுக் கீல் தேய்வதுபோல் அது தேய்வதில்லை. வேறு விதமாகச் சாகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் இந்த 'ஸ்ட்ரட்' அமைப்புக்கு மூலவர் ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சிறிய, மலிவான காருக்காக அவர் யோசித்தது. அந்தக் கார் வெளிவரவே இல்லை. 1947-ல் ஃபோர்டுக்குப் போனார். 1949-ல் பிரான்சில் வந்த ஃபோர்டு வெடெட் காரிலும், அடுத்துப் பிரிட்டனில் வந்த கான்சல், ஸெஃபிர் கார்களிலும் அவருடைய ஸ்ட்ரட் ஏறியது. அதுவரை மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்திருந்த இடத்தில், மேல் கையை நீக்கிவிட்டு ஷாக் அப்சர்பரையே தூணாக நிறுத்தியதுதான் அவருடைய சாமர்த்தியம். உதிரிகள் குறைந்தன, என்ஜினைக் குறுக்கே வைக்க இடம் கிடைத்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ன் முன்பக்கமும் இதே ஏற்பாடுதான். அதில் இன்னொரு சிக்கனமும் உண்டு: வளைவுகளில் கார் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியே, லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் செய்யும். ஒரே கம்பிக்கு இரண்டு வேலை. ஆகவே அதன் புஷ் தளர்ந்தால் இரண்டு வேலையும் கெடும். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், 'டொக்' என்று சத்தமும் வரும்.

அந்த 'டொக்' பெரும்பாலும் ஸ்பீடு பிரேக்கரில்தான் முதலில் காதில் விழும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்குப் பிடித்த கணக்கு. ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் காரின் உடல், தட்டிவிட்டால் வினாடிக்குச் சுமார் ஒரு முறை மேலும் கீழும் ஆடும். ஸ்பிரிங்குக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் சக்கரமோ, எடை குறைவு, டயர் விறைப்பு என்பதால் வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை துடிக்கும். இரண்டும் இரண்டு உலகம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி ஒரு வேகத்தடை 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மணிக்கு 25 கிலோமீட்டரில் கடப்பதற்கு. அந்த வேகத்தில் அதைக் கடக்க அரை வினாடிக்குச் சற்றே கூடுதலாகும். அதாவது ஏறி இறங்குவது ஒரு அரை ஊசல். முழு ஊசலுக்கு ஒரு வினாடி. காரின் உடல் எந்தத் தாளத்தில் ஆடுமோ அதே தாளம். உள்ளே இருப்பவருக்கு வயிறு தூக்கிப்போடும், அடுத்த முறை வேகத்தைக் குறைப்பார். சக்கரத்துக்கும் புஷ்ஷுக்கும் பெரிய சேதமில்லை.

இப்போது தெருவாசிகளே ஒரு இரவில் சிமென்ட் குழைத்துப் போட்டுவிட்ட ஒரு அடி அகல வரப்பை எடுத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அதே வேகத்தில் கடக்க ஒரு வினாடியில் இருபத்துமூன்றில் ஒரு பங்கு போதும். முழு ஊசலாகக் கணக்கிட்டால் வினாடிக்கு ஏறக்குறைய பதினொன்றரை முறை. இது சக்கரத்தின் தாளம். காரின் உடல் அசைவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, ஓட்டுநருக்குப் பெரிய அலுங்கலும் தெரியாது. அடி முழுவதும் சக்கரம், பால் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் கம்பியை இணைக்கும் லிங்க் ராடு, புஷ் என்ற வரிசையில் போய் இறங்கும். வேகத்தைக் குறைக்க வேண்டிய மேடு ஆளை விட்டுவிட்டு உதிரிகளைத் தண்டிக்கிறது. வேலூர்ச் சந்துகளில் இரண்டு வகையும் இருக்கின்றன. எந்த வகை அதிகம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, ரப்பருக்கு வருவோம். ரப்பர் வருவதற்கு முன் இந்த வேலையைச் செய்தது எது? தோல்.

1827 முதல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் கான்கார்டு என்ற ஊரில் கட்டப்பட்ட குதிரைக் கோச்சுகளில் இரும்பு ஸ்பிரிங்கே கிடையாது. பல அடுக்காக வைத்துத் தைத்த மாட்டுத்தோல் பட்டைகள் இரண்டு, முன்னிருந்து பின்வரை இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கோச்சின் கூடு அந்தப் பட்டைகளின் மேல் தொங்கிக்கொண்டே போகும். மோட்டார் கார் வந்த பிறகும் தோல் விலகவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்ற ட்ருஃபோ-ஹார்ட்ஃபோர்டு ஷாக் அப்சர்பர், கத்தரிக்கோல்போல் இணைந்த இரண்டு கைகளுக்கு நடுவே எண்ணெய் ஊறிய தோல் வட்டுகளை வைத்து அழுத்தியது. அந்த உராய்வுதான் ஆட்டத்தை அடக்கியது. பட்டை ஸ்பிரிங்குகளில் தூசி புகாமல், கிரீஸ் வற்றாமல் இருக்க அவற்றுக்குத் தோலில் உறை தைத்துப் போட்டார்கள். இன்று பால் ஜாயிண்டின் ரப்பர் உறை செய்யும் வேலை அதேதான். காரைத் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கியின் பூர்வீகமும் தோலில்தான் முடிகிறது. ஜோசப் பிராமா 1795-ல் ஹைட்ராலிக் அழுத்தியைப் பதிவு செய்தபோது, உள்ளே அழுத்தம் ஏற ஏறத் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. அழுத்தம் கூடக்கூடத் தானே இறுகும் தோல் வளையம் ஒன்றை அவருடைய பணியாளர் ஹென்றி மாட்ஸ்லே அமைத்தார் என்று பொறியியல் வரலாறு பதிந்திருக்கிறது. கை பம்ப்பிலும் சைக்கிள் பம்ப்பிலும் தோல் வாஷர் மாற்றியவர்களுக்கு அந்த உத்தியை விளக்கவே வேண்டாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிப் போகும் பிரதேசத்துக்கு இந்தக் கதை அந்நியம் இல்லை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் ஒருகாலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலைத் தொடங்கிவைத்தார். இப்போது பதனிடும் டிரம்மிலிருந்து இறங்கும் 'வெட் ப்ளூ' தோலின் நீலம் அந்தக் குரோமியத்தின் நிறம். வளைய வேண்டும், கிழியக் கூடாது. நனைய வேண்டும், அழுகக் கூடாது. இந்த முரண்பட்ட கோரிக்கைகளைப் பொருத்திக் கொடுப்பதுதான் இங்கே தொழில். புஷ்ஷிடம் காரும் கிட்டத்தட்ட அதையே கேட்கிறது.

இரண்டுக்கும் விடை வேதியியலில் ஒன்றாக இருக்கிறது என்பதுதான் விஷயம்.

பச்சைத் தோலின் நார், கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட சுருள் அது என்று 1954-லும் 1955-லும் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அடையாற்றில் 1948-ல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பக்கத்துக் கிண்டியில் நடந்த வேலை; உலகம் முழுக்கப் பாடநூலில் இருக்கிறது. பதனிடாத அந்த நாரை வெந்நீரில் போட்டால் 60 முதல் 65 டிகிரியில் சுருள் அவிழ்ந்து, தோல் சுருங்கிவிடும். குரோமியம் உள்ளே போய் இழைக்கும் இழைக்கும் இடையே அங்கங்கே பாலம் போட்ட பிறகு, கொதிக்கும் நீரிலும் சுருங்காது. டேனரிகளில் ஒரு துண்டு வெட்டிக் கொதிநீரில் போட்டு அளந்து பார்ப்பது இதற்காகத்தான். சுருங்கினால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும்.

ரப்பர் பாலில் இருப்பது வேறு பொருள். ஆயிரக்கணக்கான ஐசோபிரீன் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. சும்மா விட்டால் சங்கிலிகள் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கும். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் கட்டியாகும். 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோது, சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே கந்தகப் பாலங்கள் விழுந்தன. அங்கங்கே மட்டும் விழுந்ததுதான் முக்கியம். நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் என்றால் புஷ். முப்பது பங்குக்கு மேல் போனால் பழைய பேனாக்களில் இருந்த எபோனைட், கல்போல விறைத்துவிடும். குரோமியத்துக்குப் பதில் கந்தகம், கொலாஜனுக்குப் பதில் ஐசோபிரீன். அரக்கோணத்தின் எம்.ஆர்.எஃப். டயர்களுக்கும் ஆம்பூரின் ஷூக்களுக்கும் நடுவே ரசாயன ரீதியாக அவ்வளவு தூரம் இல்லை.

ஆனால் ரப்பருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஸ்பிரிங்கை அழுத்தினால் எஃகின் அணுக்களுக்கு இடையேயான பிணைப்பு கொஞ்சம் சிதைகிறது, விட்டதும் நேராகிறது. ரப்பரில் பிணைப்பு அதிகம் நீள்வதில்லை. குழம்பிக் கிடந்த சங்கிலிகள் இழுத்ததும் வரிசைக்கு வருகின்றன, விட்டதும் மறுபடி குழம்புகின்றன. ஒழுங்கின்மைக்குத் திரும்பும் அந்த அவசரமே ரப்பரின் சக்தி. அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். 1805-ல் ஜான் கோஃப் என்ற பார்வையற்ற ஆங்கில அறிஞர் உதட்டால் உணர்ந்து சொன்ன சோதனை இது. தவிர, ஒவ்வொரு முறை நசுங்கி மீளும்போதும் கொடுத்த சக்தியில் ஒரு பகுதியை ரப்பர் வெப்பமாக வைத்துக்கொள்ளும். சாலையின் இரைச்சல் இருக்கைவரை வராததற்கு அந்தத் திருட்டுதான் காரணம்.

இப்போது புஷ்ஷின் சாவு. பாலங்கள் குறைந்தால் எப்படிக் கெடுமோ அப்படியே கூடினாலும் கெடும். வெப்பத்தில் ஆக்சிஜன் சேரச் சேர ரப்பரில் புதுப் பிணைப்புகள் விழுந்து விறைப்பாகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இத்தகைய வினைகள் ஏறத்தாழ இருமடங்கு வேகமாகும் என்பது வேதியியலின் தோராயக் கணக்கு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், என்ஜினுக்கு அடியில் இருக்கும் புஷ்ஷின் வயதை வருடத்தில் எண்ணுவது பாதி உண்மைதான். அடுத்த எதிரி ஓசோன். வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்தால் தரைமட்டத்திலேயே அது உருவாகும். காற்றில் பத்துக் கோடியில் சில பங்கு இருந்தாலே, இழுபட்ட நிலையில் இருக்கும் இயற்கை ரப்பரின் சங்கிலியை அறுத்துவிடும். புஷ்ஷில் தெரியும் வெடிப்புகள் இழுப்புக்குக் குறுக்காகவே ஓடுவது இதனால்தான்.

மூன்றாவது எதிரி நாமே கொண்டுவருவது. சத்தம் வருகிறது என்று புஷ்ஷில் பழைய என்ஜின் ஆயிலைப் பீய்ச்சும் பழக்கம் இருக்கிறது. சத்தம் இரண்டு நாள் அடங்கும். பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பருக்குள் புகுந்து சங்கிலிகளை ஊதவைத்துப் பிரித்துவிடும். பிறகு ரப்பர் களிபோல் ஆகும். இங்கேதான் தோலும் ரப்பரும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. பதனிட்ட தோலுக்கு டிரம்மில் எண்ணெய் ஊட்டியே ஆக வேண்டும், 'ஃபேட் லிக்கர்' ஏற்றாத தோல் காய்ந்தால் அட்டையாகிவிடும். ஆகவே டேனரியின் கைப்பக்குவத்தைக் கார் புஷ்ஷில் காட்டக் கூடாது. புது புஷ் உள்ளே ஏற மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும்.

வீட்டு வாசலில் இந்த வேலையைச் செய்ய முடியுமா? ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட் ஆகியவற்றை மாற்ற முடியும். முதலில் எது கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் தளர்வு தெரிந்தால் சந்தேகம் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங் மேல். 9, 3 இடங்களில் ஆடினால் டை ராடு எண்டு. நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொங்' என்று அதிர்ந்தால் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங். புஷ்ஷைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: சில புஷ்களின் ரப்பரில் பிறைவடிவ ஓட்டைகள் இருக்கும். கிழிசல் என்று பயப்பட வேண்டாம். முன்பின் திசையில் மெத்தென்றும் பக்கவாட்டில் விறைப்பாகவும் இருக்க வேண்டும் என்று தயாரித்தவரே விட்ட இடைவெளி அது. குழியில் சக்கரம் விழுந்தால் கொஞ்சம் பின்வாங்கும்; ஸ்டீயரிங் திருப்பினால் அசையாது. புது புஷ்ஷை அந்தப் பிறை வேறு திசை பார்க்கும்படி அழுத்திவிட்டால் காரின் குணமே மாறிவிடும்.

ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. பின்சக்கரத்துக்குக் கல் கொடுப்பதும் கட்டாயம்.

ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டிய வேலை என்றால் என் கருத்து வேறு. ஒரு மில்லிமீட்டர் அழுந்த 20 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங், ஸ்ட்ரட்டுக்குள் 15 சென்டிமீட்டர் அழுந்தி இருக்கிறது என்று கொள்வோம். அது தள்ளும் விசை 3,000 நியூட்டன், கிட்டத்தட்ட 300 கிலோ எடை. உள்ளே அடைபட்ட சக்தி 225 ஜூல். பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி அது. மேல் நட்டை அவிழ்க்கும்போது, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸரின் கொக்கி வழுக்கினால் அத்தனையும் முகத்துக்கு நேராக வரும். ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போய், ஷாக்கையும் மவுண்டையும் அங்கே மாற்றி வாங்கி வருவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஆர்மைப் பூட்டும்போதுதான் பெரும்பாலோர் தவறுவது. கார் ஸ்டாண்டில் நிற்கிறது, சக்கரம் கீழே தொங்குகிறது, ஆர்மும் சாய்ந்து தொங்குகிறது. அப்படியே புஷ் போல்ட்டை முழு இறுக்கமாக முடுக்கிவிட்டால் என்ன ஆகும்? புஷ்ஷின் உள்குழலை போல்ட் அசையாமல் பிடித்துக்கொள்கிறது. ரப்பர் அதோடு ஒட்டியிருப்பதால், தொங்கும் கோணமே அதற்கு ஓய்வு நிலை ஆகிவிடும். 30 சென்டிமீட்டர் நீள ஆர்ம் 8 சென்டிமீட்டர் கீழே தொங்கினால் கோணம் 15 டிகிரிக்கு மேல். காரை இறக்கியதும் ரப்பர் அந்த 15 டிகிரியும் முறுகிய நிலையிலேயே நிற்கும், இரவும் பகலும், காரை ஓட்டாதபோதும். ஓசோனுக்கு வேண்டியது இப்படி இழுபட்ட ரப்பர்தான். ஒவ்வொரு பள்ளமும் அந்த முறுக்கின் மேல் இன்னும் கொஞ்சம் முறுக்கும். பல ஆண்டு உழைக்க வேண்டிய புஷ் சில மாதங்களில் கிழிந்தால், கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போவோம்.

செய்ய வேண்டியது எளிது. வேலை தொடங்குமுன் கார் தரையில் நிற்கும்போதே சக்கர மையத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் உள்ள உயரத்தை டேப்பில் அளந்து எழுதி வைக்கவும். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டுவிட்டு, பால் ஜாயிண்டுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியால் ஆர்மை மெல்ல உயர்த்தி அதே அளவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு டார்க் ரெஞ்சால் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு முடுக்கவும். லாக் நட்டுகள் புதிதாக இருக்கட்டும்.

கடைசி வேலை வீட்டில் நடக்காது: வீல் அலைன்மென்ட். ஸ்ட்ரட்டையோ டை ராடையோ தொட்டால் சக்கரத்தின் திசை மாறியே தீரும், கழற்றுமுன் சுண்ணாம்பால் குறி போட்டிருந்தாலும்கூட. ஒரு சக்கரம் போகும் வழியிலிருந்து அரை டிகிரி திரும்பியிருந்தால், 13 அங்குல ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சக்கரம் உருளும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகும். ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் டயர் 400 மீட்டருக்கு மேல் தார்ச்சாலையில் குறுக்காக இழுபட்டிருக்கும். புது புஷ்ஷோடு நேராக அலைன்மென்ட் கடைக்குப் போகாமல் நான்கு நாள் கழித்துப் பார்ப்போம் என்று சொல்பவர்கள், டயரின் உள்விளிம்பைக் குனிந்து தடவிப் பார்க்கலாம். இறகுபோல் ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் மழுங்கியும் கைக்குத் தட்டுப்படும்.